அறிஞரா, புலவரா, பண்டிதரா: பெயருக்கு முன்னால் எதைப் போடுவது?

சென்ற மாதம் ஒரு பெண்மணி கூப்பிட்டார். அவருடைய அப்பா அரசுப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் தமிழாசிரியராக இருந்தவர். காலமாகி ஒரு வருடம் ஆகப் போகிறது. பழைய மாணவர்கள் பணம் சேர்த்திருக்கிறார்கள். ஒரு நினைவு மலர் போடுவது, பள்ளிக்கூடத்தில் அவர் நட்ட வேப்பமரத்தடியில் ஒரு கல் வைப்பது என்று ஏற்பாடு.

"சார், அப்பா பேருக்கு முன்னாடி என்ன போடறதுன்னு வீட்ல ஒரே சண்டை. தம்பி 'தமிழறிஞர்'னு போடச் சொல்றான். சித்தப்பா 'பண்டிதர்'தான் சரிங்கறார். ஊர்ல எல்லாரும் 'புலவர் ஐயா'ன்னுதான் கூப்பிடுவாங்க. எதைப் போட்டா தப்பு வராது?"

நான் அச்சகங்களுக்கும் சிறு பதிப்பகங்களுக்கும் ப்ரூஃப் பார்த்துப் பிழைக்கிறவன். இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. அதே மாதத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர் கேட்டார்: "ஆங்கிலத்தில் ஸ்காலர் என்ற ஒரே சொல்லை வைத்து எல்லாரையும் எழுதிவிடுகிறார்கள். தமிழில் நான் எதைப் போடுவது?" ஒரு கல்லூரிப் பேராசிரியர் கருத்தரங்க அழைப்பிதழை அனுப்பி, 'ஆய்வாளர்' என்று போட்டால் போதுமா என்று கேட்டார். மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒன்றாக எழுதுகிறேன். எல்லாருக்கும் எதைப் போட்டால் பெருமை என்ற கவலை. அந்தப் பெண்மணி மட்டும்தான் எதைப் போட்டால் தப்பில்லை என்று கேட்டார். கேள்வியை அப்படித்தான் கேட்க வேண்டும்.

## முதலில் எதை வைத்து அளப்பது?

அகராதியைப் பிரித்தால் உதவி கிடைக்காது. அறிஞர் என்றால் புலவர் என்றிருக்கும். புலவர் என்றால் பண்டிதர். பண்டிதர் என்றால் அறிஞர். செக்குமாடு மாதிரி சுற்றி வர வேண்டியதுதான். நான் பார்க்கிற அளவுகோல்கள் வேறு.

முதலாவதும் முக்கியமானதும்: ஒருவர் தன்னைப் பற்றித் தன் வாயால் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொள்ள முடியுமா? "நான் புலவர் படிச்சிருக்கேன்" என்று ஒருவர் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள். "நான் ஒரு அறிஞர்" என்று சொன்னால் சிரிப்பார்கள். புலவர் என்பது தேர்வு எழுதி வாங்கியது. அறிஞர் என்பது பிறர் சொல்ல வேண்டியது. தமிழில் படித்தவர்களைக் குறிக்கும் சொற்கள் ஏறக்குறைய இந்த இரண்டு கூடைகளில்தான் விழும். வாங்கிய சொல்லை வாங்காதவருக்குப் போட்டால் அது பொய். சொல்லவேண்டிய சொல்லை எல்லாருக்கும் போட்டால் அது வெறும் சத்தம்.

அடுத்தது, அந்தச் சொல்லால் ஒருவரைக் கூப்பிட வருமா என்பது. "வாங்க புலவரே" என்று சொல்லலாம். "வாங்க அறிஞரே" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. கூப்பிட வரும் சொல் ஊரோடு ஒட்டியிருக்கும். வராத சொல் தாளிலும் மேடையிலும்தான் இருக்கும்.

பிறகு, எந்த ஊர்க் காதில் விழப் போகிறது என்று பார்க்க வேண்டும். சென்னைக்காரருக்கு ஒன்றாகக் கேட்பது யாழ்ப்பாணத்தாருக்கு வேறாகக் கேட்கும். பெண்ணுக்கும் அதே சொல் வருமா, தனியே நிற்குமா, துறைப்பெயரை முன்னால் சேர்க்க வேண்டுமா என்பவை மீதி.

## அறிஞர்

கலைஞர், கவிஞர், இளைஞர் வரிசையில் வருகிற சொல். அறிவு என்ற வேர் வெளிப்படையாகத் தெரிகிறது. ஆண், பெண் பேதம் இல்லை. சாதி வாடை இல்லை. எந்தச் சங்கமும் தேர்வு வைத்துக் கொடுத்ததில்லை. அதனால்தான் இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் மேடை இதைப் பிடித்துக்கொண்டது. அறிஞர் அண்ணா பேரறிஞர் ஆனார். ராஜாஜி மூதறிஞர் ஆனார். அரசியலில் எதிரெதிராக நின்றவர்களுக்கும் ஒரே வேரிலிருந்து அடைமொழி கிடைத்தது வேடிக்கைதான்.

இந்தச் சொல் எங்கே சரியாக உட்காரும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் ஐராவதம் மகாதேவன் (1930–2018). தொழிலால் ஐ.ஏ.எஸ். அதிகாரி. கொஞ்ச காலம் தினமணி ஆசிரியர். பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல. பண்டிதத் தேர்வு எழுதியவரும் அல்ல. சிந்துவெளி எழுத்துகளுக்கு 1977இல் அவர் கொண்டுவந்த தொடரடைவும் (எந்தக் குறி எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல்), தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளைத் தொகுத்து 2003இல் வெளியிட்ட பெருநூலும்தான் அவருக்குச் சான்றிதழ். இப்படிப்பட்டவரைக் கல்வெட்டறிஞர் என்று எழுதுவதைவிட வேறு வழி கிடையாது. மயிலை சீனி. வேங்கடசாமியும் இப்படித்தான். பள்ளி ஆசிரியர் வேலை. ஆனால் பௌத்தமும் சமணமும் தமிழுக்குச் செய்ததை எழுத வருகிறவர் எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. பட்டத்தை வைத்து இல்லாமல் செய்த வேலையை வைத்து ஒருவரை அளக்க வேண்டிய இடத்தில் அறிஞர் என்ற சொல்லுக்கு ஈடில்லை.

மறைந்திருக்கும் விலை என்ன? பணவீக்கம். எங்கள் ஊரில் ஒரு விழா நோட்டீஸில் மேடையில் உட்காரப் போகிற ஒன்பது பேரில் ஏழு பேர் அறிஞர். மீதி இரண்டு பேர் நன்கொடையாளர்கள். சொல்லின் மதிப்பு இறங்கியதும் பேரறிஞர் வருகிறது. அதுவும் இறங்கினால் ஆய்வுப் பேரறிஞர். ஒரு கட்டத்தில் பெயரைவிட அடைமொழி நீண்டு, லேஅவுட் செய்கிற பையன் "ஃபான்ட் சைஸ குறைக்கவா சார்?" என்று கேட்கிறான்.

அதனால் என் வழக்கம் இது: தனியாக 'அறிஞர்' என்று வந்தால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்புவேன். எதில் அறிஞர்? சட்ட அறிஞர், மொழியறிஞர், கல்வெட்டறிஞர் என்று துறை சேர்ந்தால் விட்டுவிடுவேன். துறை சொல்ல முடியாவிட்டால் அந்தச் சொல்லே அங்கு வேண்டியதில்லை. "அறிஞர்கள் கூறுகிறார்கள்" என்று தொடங்கும் செய்திகளில் பெரும்பாலும் ஒரு அறிஞரும் இருப்பதில்லை.

## புலவர்

இன்று கேட்டால் பலரும் புலவர் என்றால் செய்யுள் எழுதுகிறவர் என்பார்கள். பழைய தமிழில் அந்தச் சொல் அகலம். புலம் என்றால் அறிவு. புலம் உடையவர் புலவர். "உவப்பத் தலைக்கூடி உள்ளப் பிரிதல் அனைத்தே புலவர் தொழில்" என்கிறது குறள் (394). சந்திக்கும்போது மகிழும்படி கூடி, பிரியும்போது இனி எப்போது பார்ப்போமோ என்று ஏங்க வைப்பதுதான் புலவர் செய்கிற வேலையாம். பாட்டு எழுதுவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அது கல்வி அதிகாரத்தில் வருகிற குறள். அங்கே புலவர் என்றால் படித்தவர்.

இன்னொரு குறளில் (234) இதே சொல் தலைசுற்ற வைக்கும். மண்ணுலகில் நீண்ட புகழ் பெற்றவன் இருக்க, "புலவரைப் போற்றாது புத்தேள் உலகு" என்கிறார் வள்ளுவர். பரிமேலழகர் இங்கே புலவரை ஞானிகள் என்கிறார், மு.வ. தேவர் என்கிறார். நிகண்டுகளிலும் புலவருக்குத் தேவர் என்ற பொருள் உண்டு. படித்தவர், பாட்டு எழுதுகிறவர், ஞானி, தேவர் என்று நாலு பேர் ஒரு சொல்லுக்குள் குடியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பழைய நூலில் புலவர் என்று கண்டவுடன் கவிஞர் என்று எழுதிவிடக் கூடாது.

(பெண்பாலில் இந்தச் சொல் இன்னும் வேடிக்கை. 'புலவி' என்று ஒருமை செய்ய முடியாது. புலவி என்றால் ஊடல். திருக்குறளில் அதற்கு ஒரு தனி அதிகாரமே இருக்கிறது. ஆகவே ஔவையாருக்கும் புலவர்தான்.)

தற்காலத்தில் இது வாங்கிய சொல். சென்னைப் பல்கலைக்கழகம் நடத்திய கீழ்த்திசை மொழித் தேர்வில் வித்துவான் என்றிருந்த பட்டத்தின் பெயர் பிற்பாடு புலவர் என்று மாறியது. கரந்தை, திருவையாறு, தருமபுரம், மயிலம், பேரூர், மேலைச்சிவபுரி என்று தமிழ் படிப்பதற்கென்றே இருந்த கல்லூரிகளில் படித்துத் தேறி, பள்ளிகளுக்குத் தமிழாசிரியராக வந்த ஒரு தலைமுறை இருந்தது. பெயருக்கு முன் 'புலவர்' என்று போட்டுக்கொண்டால் அதற்குத் தேர்வு எண்ணும் வருடமும் உண்டு. அவர்களில் பலர் ஒரு வெண்பாகூட எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் நன்னூலைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆக இதன் மறைமுக விலை, இளைய வாசகர் தவறாகப் புரிந்துகொள்வதுதான். "உங்க தாத்தா என்ன கவிதை எழுதியிருக்கார்?" என்று கேட்பார்கள். அந்த விலை பெரிதில்லை என்பது என் கட்சி. ஒரு வரியில் விளக்கிவிடலாம். பதிலுக்குக் கிடைப்பது பெரிது: கூப்பிட வருகிற சொல், உண்மையான பட்டம், ஊரார் நாவில் பழகிய உரிமை. மூன்றும் ஒன்றாகக் கிடைக்கிற சொல் வேறு இல்லை.

பன்மொழிப் புலவர் என்பது தனி வகை. தெ.பொ. மீனாட்சிசுந்தரனாருக்கும் கா. அப்பாத்துரையாருக்கும் வழங்குகிற அந்த அடைமொழியில் பழைய அகலமான பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது.

## பண்டிதர்

சித்தப்பா சொன்னது. அவர் தலைமுறைக்கு இது மிக இயல்பான சொல். பள்ளி, கல்லூரிகளில் தமிழ் கற்பித்தவர்களுக்கு உத்தியோகப் பெயரே தமிழ்ப் பண்டிதர். உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தது அந்த வேலையில்தான். பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை அமைத்த பிறகு அது பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என்று மூன்று படியாகத் தேர்வு நடத்தியது. மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்த விபுலானந்தர் 1916இல் அந்தப் பண்டிதத் தேர்வில் தேறியவர். யாழ்ப்பாணத்திலும் ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் இதே மாதிரித் தேர்வுகளை நடத்தியது. ஈழத்தில் ஒருவர் பெயருக்கு முன் 'பண்டிதர்' என்று கண்டால் அது அலங்காரம் அல்ல, தேறியவர் என்று பொருள். இந்த விஷயத்தில் அங்குள்ளவர்கள் நம்மைவிடக் கறார்.

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914), தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) இருவரையும் எடுத்துக்கொள்ளுங்கள். முன்னவர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவர். பின்னவர் 1917இல் இசைக்கென்றே 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டவர். இருவரும் தேர்ந்த சித்த வைத்தியர்கள். நாட்டு வழக்கில் வைத்தியருக்குப் பண்டிதர் என்று பெயர். வைத்தியத்துக்குப் பண்டுவம் என்று பெயர். புத்தகமும் மூலிகையும் ஒரே கையில் இருந்த காலத்தின் சொல் அது. இன்று அவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் 'பண்டிதர்' என்பதைப் பள்ளிக்கூடப் பண்டிதராக மட்டும் எடுத்துக்கொண்டு பாதி வாழ்க்கையை விட்டுவிடுகிறார்கள்.

இதன் மறைமுக விலைகள் பல. சில மாவட்டங்களில், வைத்தியமும் பிரசவமும் பார்த்து முடிதிருத்தும் தொழிலும் செய்த சமூகத்தாரை ஊரார் பண்டிதர் என்று குறிப்பது உண்டு. அங்கே அது சாதிப் பெயராகக் காதில் விழும். வடக்கே போனால் காஷ்மீரப் பண்டிதர் என்பது சமூகப் பெயர். நேருவைப் பண்டித நேரு என்றதும் அந்த வழியில்தான், அவர் ஏதோ தேர்வில் தேறியதற்காக அல்ல. பேச்சுத் தமிழில் "பெரிய பண்டிதன் மாதிரி பேசாத" என்ற ஏச்சு வேறு இருக்கிறது. "பண்டிதத் தமிழ்" என்றாலும் பாராட்டு அல்ல. புரியாத தமிழ் என்று பொருள்.

பெண்பாலில் 'பண்டிதை' என்று தனிச்சொல் இருப்பது இதன் நல்ல பக்கம். பண்டிதை ரமாபாய் இந்தியா முழுவதும் தெரிந்த பெயர். தமிழில் பண்டிதை அசலாம்பிகை அம்மையார்.

சுருக்கமாகச் சொன்னால், அந்தத் தேர்வு எழுதியவருக்கும், அந்த வேலையில் இருந்தவருக்கும், அந்தப் பெயரோடே வரலாற்றில் நிற்பவருக்கும் மட்டும் பண்டிதர். புதிதாக யாருக்கும் சூட்ட வேண்டாம்.

## வித்துவான்

இதில் நான் ஒரு தடவை அடி வாங்கியிருக்கிறேன். பல வருடம் முன்பு ஒரு நினைவு மலரில் பெயருக்கு முன் 'வித்துவான்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'தமிழறிஞர்' என்று மாற்றிவிட்டேன். வித்துவான் என்றால் வாசகர் பாட்டுக் கச்சேரி என்று நினைப்பார்களே என்ற நல்லெண்ணம். மலர் அச்சாகி வந்தபோது குடும்பத்தின் மூத்த மகன் அச்சகத்துக்கே வந்து நின்றார். "அப்பா நாலு வருஷம் அரை வயிறு சாப்பிட்டு வாங்கின பட்டம் சார் அது. நீங்க அதை அழிச்சுட்டு, தெருவுல போறவங்களுக்கெல்லாம் குடுக்கற பேரக் குடுத்துட்டீங்க." பதில் பேச முடியவில்லை. முதல் அளவுகோலை அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

நான் பயந்ததிலும் நியாயம் இல்லாமல் இல்லை. திருவாவடுதுறை என்று சொன்னால் ஒரு பக்கம் ஆதீன வித்துவானாக இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) நினைவுக்கு வருவார். மறு பக்கம் நாகசுர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளை. ஒரே ஊர், ஒரே சொல், ஒருவர் தமிழுக்கு, ஒருவர் நாகசுரத்துக்கு. இன்று அந்தச் சொல்லை இசை முழுமையாக எடுத்துக்கொண்டுவிட்டது. இசையில் பெண்களுக்கு விதுஷி என்று தனியாகப் போடுகிறார்கள். தமிழ்த் தேர்வில் தேறிய பெண்கள் வித்துவான் என்றே போட்டுக்கொண்டார்கள்.

இசைக்கலைஞருக்குத் தயங்காமல் போடலாம். தமிழ் படித்தவருக்குச் சான்றிதழ் இருந்தால் போடலாம். பக்கத்தில் 'தமிழ்' என்று சேர்த்தால் குழப்பம் தீரும்.

## சான்றோர்

எல்லாரும் அன்போடு தவறாகப் பயன்படுத்துகிற சொல். 'சான்றோர் பெருமக்களே' என்று தொடங்காத மேடை குறைவு. ஆனால் இந்தச் சொல்லுக்குள் படிப்பு கட்டாயம் இல்லை. சால் என்றால் நிறைதல். குணங்கள் நிறைந்தவர் சான்றோர். திருக்குறளில் கல்விக்கு ஒரு அதிகாரம், சான்றாண்மைக்கு வேறொரு அதிகாரம்; இரண்டுக்கும் இடையே ஐம்பதுக்கு மேற்பட்ட அதிகாரங்கள் இருக்கின்றன.

இன்னும் பின்னால் போனால் பொருள் வேறு பக்கம் திரும்பும். "சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே" என்ற புறநானூற்று வரியைப் (312) பள்ளி ஆண்டு விழாவில் கேட்காதவர் யார்? பொன்முடியார் பாடிய அந்தப் பாட்டை முழுக்கப் படியுங்கள். அடுத்த வரியிலேயே கொல்லன் வேல் வடித்துக் கொடுக்கிறான்; கடைசியில் மகன் போர்க்களத்தில் யானையை வெட்டிவிட்டுத் திரும்புகிறான். அங்கே சான்றோன் என்றால் வீரன் என்றுதான் உரை சொல்கிறார்கள். வாழ்த்துரை வழங்குகிற தலைமை ஆசிரியர்கள் முதல் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்வது நல்லதாகப் போயிற்று.

பிசிராந்தையார் பாட்டில் (191) அதே சொல் நமக்குப் பழகிய பொருளுக்கு அருகே வருகிறது. இத்தனை வயதாகியும் நரை இல்லையே என்று கேட்டதற்கு, மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன் என்று காரணங்களை அடுக்கிவிட்டுக் கடைசியில் "ஆன்றவிந்து அடங்கிய கொள்கைச் சான்றோர் பலர் யான் வாழும் ஊரே" என்று முடிக்கிறார். படித்து, பணிந்து, அடங்கியவர்கள். அடங்கியவர்கள் என்பது முக்கியம். நாலு பேர் பேசும்போது மைக்கைப் பிடுங்குகிறவருக்கு இந்தச் சொல் ஆகாது.

பன்மையில்தான் இது நன்றாக ஓடும். 'ஊர்ச் சான்றோர்', 'சான்றோர் அவை' சரி. தனி ஒருவரின் பெயருக்கு முன்னால் 'சான்றோர்' என்று போட்டால் ஒட்டாது. கூப்பிடவும் வராது.

## முனைவர், கலாநிதி, ஆய்வாளர்

இவை மூன்றிலும் இலக்கணம் குறைவு, எல்லைக்கோடு அதிகம்.

முனைவர் தமிழ்நாட்டில் பிஎச்.டி. வாங்கியவர். தொல்காப்பியத்தில் "வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன்" என்று வருவது முதல்நூல் செய்தவனைக் குறிக்கும். இறைவன் என்றே உரைகாரர்கள் கொண்டார்கள். அங்கிருந்து எடுத்து ஆய்வேடு எழுதியவருக்குக் கொடுத்திருக்கிறோம். தாராளம்தான். இலங்கையில் அதே பட்டத்துக்குக் கலாநிதி. இந்தச் சொல்லைத் தமிழ்நாட்டில் அச்சிட்டால் இரண்டு விபத்து நடக்கும்: ஒன்று, அதை மனிதரின் பெயர் என்று நினைப்பார்கள், இரண்டு, சங்கீத கலாநிதி என்று நினைப்பார்கள். யாழ்ப்பாணத்து எழுத்தாளர் ஒருவரின் நூலை இங்கே பதிப்பித்தபோது 'கலாநிதி' முன்னால் இருந்ததால் அட்டையில் இரண்டு ஆசிரியர் பெயராகப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். டி.டி.பி. செய்தவரைக் குறை சொல்ல முடியாது.

அங்கிருந்து இங்கே பதிப்பிக்கும்போது அவர் எழுதியபடியே விட்டு, நூலாசிரியர் குறிப்பில் ஒரு வரி விளக்குவதே மரியாதை. மாற்றி எழுதுவது அவர் பல்கலைக்கழகம் தமிழில் கொடுத்த பெயரைத் தூக்கிப் போடுவதாகும்.

ஆய்வாளர் என்ற சொல்லுக்கு வருவோம். கருத்தரங்கப் பேராசிரியர் கேட்டது இது. பொருள் சரி, காது தவறு. தமிழ்நாட்டில் காவல் ஆய்வாளர், வருவாய் ஆய்வாளர், சுகாதார ஆய்வாளர் என்று அரசு எல்லாரையும் ஆய்வாளர் ஆக்கிவிட்டது. "ஆய்வாளர் தலைமையில் கூட்டம்" என்று சுவரொட்டி ஒட்டினால் கடைத்தெருவில் எதற்குக் கூட்டம் என்று யோசிப்பார்கள். இலங்கையில் காவல்துறைக்காரர் பொலிஸ் பரிசோதகர் என்பதால் இந்தச் சங்கடம் கிடையாது. இங்கே 'ஆராய்ச்சியாளர்' என்று மூன்று எழுத்து கூடப் போட்டால் போலீஸ் விலகிவிடும். பட்டத்துக்காக இன்னும் படித்துக்கொண்டிருப்பவர் என்றால் 'ஆய்வு மாணவர்'. ரிசர்ச் ஸ்காலர் என்பதில் ஸ்காலர் இருக்கிறதே என்று அறிஞர் ஆக்கிவிடாதீர்கள், வழிகாட்டி கோபித்துக்கொள்வார்.

## அறிவுஜீவி, புத்திஜீவி, மேதாவி

தமிழ்நாட்டில் அறிவுஜீவி பாதிக் கிண்டல், மேதாவி முழுக் கிண்டல். இலங்கைப் பத்திரிகைகளில் 'புத்திஜீவிகள்', 'கல்விமான்கள்' இரண்டும் கிண்டலே இல்லாமல் இயல்பாக வருகின்றன. எந்தக் கரையில் நிற்கிறோம் என்று பார்த்து எழுத வேண்டியதுதான். கல்வித்துறையை நிர்வகித்தவர், பள்ளி கல்லூரிகளைக் கட்டி எழுப்பியவர் என்றால் கல்வியாளர். அதில் சிக்கல் இல்லை.

நாவலர், பாவலர் போன்றவற்றை இந்த வரிசையில் சேர்க்கவில்லை. அவை ஒருவர் இன்னாருக்கு என்று கொடுத்தவை. ஆறுமுகம் 1849இல் திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் ஆனார். கொடுக்க நாம் ஆதீனம் அல்ல.

முஸ்லிம் அறிஞரைப் பற்றி எழுதினால் ஆலிம் என்ற சொல் இருக்கிறது. மார்க்கக் கல்வி பெற்றவருக்கு அதுவே சரியான சொல். அதன் அரபுப் பன்மை உலமா. நாம் 'உலமாக்கள்' என்று பன்மைக்குப் பன்மை போடுகிறோம். வழக்கு அப்படியே நிலைத்துவிட்டது, இருக்கட்டும்.

## ஒரு பார்வையில்

| சொல் | தன் வாயால் சொல்லலாமா? | கூப்பிட வருமா? | பொருந்தும் இடம் | இடறும் இடம் |
|---|---|---|---|---|
| அறிஞர் | கூடாது | வராது | பட்டம் இல்லாமல் வேலையால் உயர்ந்தவர். துறைப்பெயரோடு | தனியாக வந்தால் வெறுமை |
| புலவர் | தேர்வில் தேறியிருந்தால் | நன்றாக வரும் | பழைய தமிழாசிரியர் தலைமுறை | கவிஞர் என்று நினைப்பார்கள் |
| பண்டிதர் | தேறியிருந்தால் | வரும் | ஈழம். சங்கத் தேர்வு எழுதியவர். வரலாற்றுப் பெயர் | சாதி, கிண்டல், வைத்தியர் குழப்பம் |
| வித்துவான் | தேறியிருந்தால் | வரும் | இசை. பழைய தமிழ்ப் பட்டம் | கச்சேரி என்று நினைப்பார்கள் |
| சான்றோர் | கூடவே கூடாது | வராது | பன்மையில், குணத்தைச் சொல்ல | தனி ஒருவர் பெயருக்கு முன் |
| முனைவர் / கலாநிதி | சொல்லலாம் | மேடையில் மட்டும் | தமிழ்நாடு / இலங்கை | கடல் தாண்டினால் மாறும் |
| ஆய்வாளர் | சொல்லலாம் | வராது | ஆய்வேடு, கருத்தரங்கு | காவல் நிலையம் |

மொழிபெயர்ப்பாளருக்கு நான் சொன்னது: ஆங்கிலத்தில் ஒரே சொல் பத்து இடத்தில் வந்தால் தமிழிலும் ஒரே சொல்லாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அந்த ஆள் யார் என்று முதலில் பாருங்கள். வேலையால் பெயர் எடுத்தவர் என்றால் துறையோடு அறிஞர், காசி வேதபாடசாலை ஆசிரியர் என்றால் பண்டிதர், கெய்ரோவில் மார்க்கம் கற்பிக்கிறவர் என்றால் ஆலிம், பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறவர் என்றால் பேராசிரியர் அல்லது ஆராய்ச்சியாளர். இதில் எதுவும் தெரியாவிட்டால் 'படித்தவர்' என்று எழுதுங்கள். அது மட்டமான சொல் இல்லை.

கருத்தரங்கக்காரர் ஆராய்ச்சியாளர் என்று மாற்றிக்கொண்டார்.

அந்தப் பெண்மணியிடம் ஒரே ஒரு காரியம் செய்யச் சொன்னேன்: "அப்பாவோட சர்டிபிகேட் இருந்தா ஃபோட்டோ எடுத்து அனுப்புங்கம்மா." இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் வந்தது. மடித்து மடித்து நடுவில் கிழிந்த தாள். அதில் இருந்தது புலவர் இல்லை, பண்டிதர் இல்லை, தமிழறிஞர் இல்லை. வித்துவான்.

அவரும் எதிர்பார்க்கவில்லை. "அப்ப ஊர்ல எல்லாரும் ஏன் புலவர்னாங்க?" என்றார். அவர் தேறியபோது பட்டத்துக்கு அந்தப் பெயர். பின்னால் வந்தவர்களுக்குப் புலவர் என்று ஆனதும் ஊரார் அவரையும் அதே பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டும் ஒரே படிப்பு. அப்பாவும் திருத்தியிருக்க மாட்டார்.

மலரின் முதல் பக்கத்தில், வாழ்க்கைக் குறிப்பில், 'தமிழ் வித்துவான்' என்று வருடத்தோடு போட்டிருக்கிறோம். சான்றிதழின் படமும் எதிர்ப் பக்கத்தில். கல்லுக்கு மாணவர்கள் வேறு முடிவு செய்தார்கள். கல் வெட்டுகிறவர் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்குச் சொன்னபோது ஒருவர் 'முத்தமிழறிஞர்' வரை கேட்டுப் பார்த்தாராம். கடைசியில் வெட்டியது 'புலவர் ஐயா', கீழே பெயர், அதற்குக் கீழே பள்ளியில் சேர்ந்த வருடமும் ஓய்வு பெற்ற வருடமும். தம்பிக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் வருத்தம். சித்தப்பா மலரை வாங்கிப் பார்த்துவிட்டு, வித்துவானும் பண்டிதரும் ஒன்றுதானே என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.